மணலுக்குள் இறங்கிய ஜக்

2022 ஜூனில், பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களில், மட்டக்களப்பு கல்லடியில் பெற்றோல் வரிசையில் காரோடு இரண்டு இரவு கிடந்தேன். எனக்கு முன்னால் நின்ற முச்சக்கர வண்டி, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. இரண்டாம் நாள் காலை பொழுது போகாமல், “பொனட்டத் திறங்க தம்பி, பாப்பம்” என்றார். டாங்கில் இருந்த பெற்றோல் சொட்டுக் கணக்குத்தான். ஒரு நிமிடம் மட்டும் என்று சொல்லி என்ஜினை ஸ்டார்ட் செய்தேன். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை, பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேற்றரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். பிறகு என் காதிலும் வைத்தார். தூரத்தில் எங்கோ மா அரைப்பது போல ஒரு சத்தம். “பெயாரிங் போகுது. இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்.”

அதுவரை அந்தக் காருக்கு நான் செய்த வேலை இரண்டுதான். பெற்றோல் அடிப்பது, பிழை வந்தால் கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வருவது. அப்பா விட்டுப் போன 1996 ஆம் ஆண்டு கொரோலா 110. மாற்றலாம் என்றால் 2020 மார்ச்சோடு வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள், பழைய கார்களே அப்போது தங்க விலை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்ட, பாட்ஸ் விலையும் கூடவே ஏறியது.

பிரேக் ஒயில் குறையத் தொடங்கியது அந்த வருடக் கடைசியில். ஊற்றுவேன், இரண்டு கிழமையில் மறுபடி கீழே நிற்கும். வழக்கமாக விடும் கராஜில், சில்லைக் கூடக் கழற்றாமல், “மாஸ்டர் சிலிண்டர் போயிட்டு, மாத்தணும்” என்றார்கள். பெடலை அமத்தினால் நாலு சில்லுக்கும் ஒயிலைத் தள்ளும் சாமான் அது. சொன்ன காசு என் அரைமாதச் சம்பளம். வரிசையில் பழக்கமான மாமாவிடம் போய்ச் சொன்னேன். (இதற்குள் நான் ‘தம்பி’யிலிருந்து ‘மனே’ ஆகியிருந்தேன்.) “ஒயில் எங்க போகுது எண்டு பாத்தியா மனே? அது ஆவியாப் போற சாமான் இல்ல. நாலு சில்லுக்கும் உள்பக்கம் டோர்ச் அடிச்சிப் பாரு.”

பார்த்தேன். இடது பின் சில்லின் உள்பக்கம், ரயரின் ஓரத்தில், ஈரத்தில் தூசி ஒட்டி ஒரு கறுத்த கோடு. சில்லோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குள்ளே, பிரேக் ஷூவை அதன் மேல் அழுத்தும் வீல் சிலிண்டர் கசிகிறது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான், இதை நானே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதல் பாடத்தை மணல்தான் நடத்தியது. எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். ஜக்கை வைத்துத் தூக்கினேன், சில்லு நிலத்தை விட்டு எழும்பியது, சில்லைக் கழற்றி ஓரமாக வைத்தேன். குனிந்து பார்த்தால் கார் மெல்ல, சத்தமே இல்லாமல், இறங்கிக்கொண்டிருக்கிறது. கழற்றிய சில்லைப் பாய்ந்து அடியில் தள்ளினேன். கார் அதன் மேல் உட்கார்ந்தது. என் கை எங்கேயும் இல்லாதது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஜக்குக்குக் கீழே பழைய கதவுப் பலகை, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தென்னங்குற்றி, பாரத்தைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட். காசு மிச்சம் பிடிக்கத்தானே இந்த வேலை என்று ஸ்டாண்டை வாங்காமல் இருந்திருக்கிறேன். சீமெந்துக் கல்லை அண்டை கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வெடித்தால் ஒரேயடியாக வெடிக்கும்.

அடுத்தது கறள். கடல் முந்நூறு மீற்றரில், உப்புக் காற்று எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியையே தின்னுகிறது, டிரம்மை விடுமா? ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு அடித்தேன், அடித்தேன், அரை நாள் அடித்தேன். டபிள்யூடி 40 அடித்து ஊறவிட்டு மறுபடி அடித்தேன். டிரம் அசையவே இல்லை. பின்னேரம் மாமா வந்தார். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி மணலில் போட்டார். டிரம் முகத்தில் கறள் அடைத்துக் கிடந்த இரண்டு சிறிய துளைகளை ஆணியால் கிண்டினார். உள்ளே மரை. எட்டு மில்லிமீற்றர் போல்ட் இரண்டை அதில் விட்டு, இதில் கால் சுற்று அதில் கால் சுற்று என்று மாறி மாறி முறுக்கினார். ‘டொக்’ என்று டிரம் கழன்று வந்தது. ரொயோட்டாக்காரன் அந்த இரண்டு துளையையும் இதற்கென்றே விட்டிருக்கிறான்! அரை நாள் அடியில் எனக்கு மிஞ்சியது தோள்வலியும் விளிம்பில் ஒரு நெளிவும்.

உள்ளே கறுப்புத் தூள். வாயால் ஊதப் போனவனைத் தடுத்தார். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பியதும் ஒயில் வடிந்தது. உள்சுவரில் கறள் குழிகள். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வருடக் கணக்கில் மாற்றாமல் விட்டால் உள்ளேயிருந்தே இப்படித் தின்னும் என்றார். ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒயில் ஊறிய பிரேக் ஷூவும் உதவாது. ஷூ என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

காத்தான்குடியில் பாட்ஸ் கடைக்காரக் காக்கா முதலில் கேட்டது, “பழசு எங்க தம்பி?” நான் வெறுங்கையோடு போயிருந்தேன். கார் மொடலைச் சொல்லி ஒன்றை வாங்கி வந்தேன், அது பொருந்தவில்லை. வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்விட்டம் வேறு. பழையதைத் துடைத்துப் பார்த்தால் 11/16 என்று மேலேயே வார்த்திருக்கிறது, நான் வாங்கியது 3/4 அங்குலம். மறுநாள் பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். காக்கா சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

“ஒரு பக்கத்தக் கழட்டிப் பூட்டிட்டு மறுகா மற்றப் பக்கம் போ” என்று மாமா சொல்லித்தான் விட்டிருந்தார். ஒரு பக்கம் பூட்டியபடி இருந்தால் அதைப் பார்த்துப் பூட்டலாமே. நான் அவசரக்காரன், இரண்டையும் கழற்றிப் பரப்பினேன். ஸ்பிரிங் ஒன்று குறட்டிலிருந்து தெறித்துச் செவ்வரத்தைக்குள் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

பூட்டி முடித்து, பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க மனைவியைச் சீட்டில் ஏற்றினேன். நான் கீழே, கசிவு நிப்பிளில் ரியூப், அதன் மறுமுனை ஹோர்லிக்ஸ் போத்தலில் பிரேக் ஒயிலுக்குள். “அமத்துங்க.” பெடலை அமத்துவாள். நிப்பிளைத் தளர்த்துவேன், குமிழிகள் வரும், இறுக்குவேன். “விடுங்க.” ஐந்தாவது தரம், நான் இறுக்க முன்னர் காலை எடுத்துவிட்டாள், போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே. “நீங்க தெளிவாச் சொல்லல” என்றாள். நியாயம்தான். பிறகு அவளே ஒரு முறை வைத்தாள். கால் முழுக்கக் கீழே போனதும் ‘பிடிச்சிட்டன்’ என்பாள், நான் ‘இறுக்கிட்டன்’ என்று சொல்லும் வரை எடுக்க மாட்டாள். அதன் பிறகு பிழை வரவில்லை. சிந்திய ஒயிலை உடனே துடைக்காததில் மட்காட் விளிம்பில் பெயின்ற் உரிந்தது வேறு கதை.

கல்லடிப் பாலத்தில் ஒருமுறை போய் வந்தேன், பிரேக் நன்றாகப் பிடித்தது. ஒயிலும் குறையவில்லை. ஆனால் ஒரு கிழமையில் ஹேண்ட் பிரேக் வர வர மேலே ஏறத் தொடங்கியது. முதல் நாள் ஏழு சொடுக்கு, பிறகு ஒன்பது, பிறகு பன்னிரண்டு. மாமாவிடம் ஓடாமல் இரண்டு இரவு யோசித்தேன். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்க ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு பல்லுச் சக்கரத் தண்டு இருக்கிறது. இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுக்கு மரை வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம். இரண்டையும் பரப்பிய அன்று இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். நீள வேண்டியது ஒவ்வொரு தரமும் குறுகியிருக்கிறது. மாற்றிப் பூட்டினேன். ஏழு சொடுக்கிலேயே நிற்கிறது.

மாமாவிடம் போய்ச் சொன்னபோது, “நான் அண்டைக்கே பாத்தன். நீயே கண்டுபிடிப்பாய் எண்டு விட்டன்” என்றார். அதை நான் நம்பவில்லை.

ஒயில், பிளக், பிரேக் எல்லாம் இப்போது என் கையில்தான். ரைமிங் பெல்ற்றுக்கு மட்டும் அடுத்த கிழமை வேறொரு கராஜில் விடுகிறேன். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டதற்கு, முதலாளி முகத்தைச் சுளித்துவிட்டு, “நில்லுங்க, ஆனா கேள்வி கேக்கப்படாது” என்றார்.