வடைக் கணக்காய்வாளர் நாயகம்

மான் தின்ற வடைக்கும் காசு கட்டிவிட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். சூடு ஆறமுன்னம் எழுதிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனால், அப்பாவுக்கு அங்கிருந்து நேரே வீட்டுக்கு வரத் தெரியாது. அதே சைவக்கடை, அதே மூலை மேசை, காற்றை விடச் சத்தத்தைக் கூடுதலாகத் தரும் அதே மின்விசிறி. பிறகு, பரிமாறுகிற எங்கட பெரியவர். நான் பாவாடை சட்டையோடு வாய்ப்பன் தின்ற காலத்திலேயே அவருக்கு நரைக்கத் தொடங்கியிருந்தது. இப்ப 74 வயது. பால்தேத்தண்ணி கேட்டால் பிளேன்ரி வரும். பிளேன்ரி கேட்டால் கோப்பி வரும். கோப்பி கேட்கிற துணிவு எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை.

இண்டைக்கு ஆளின் முகம் சரியில்லை. முதலாளியின் மகன் கொழும்பில் ஹோட்டல் முகாமைத்துவம் படித்துவிட்டு வந்து, எல்லாருக்கும் நெஞ்சில் குத்துகிற அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறான். பெரியவரின் அட்டையில் ‘சேவை உதவியாளர்’. போன மாதம் வந்து கிளாஸ் கழுவுகிற பொடியனுக்கும் அதுதான். பெரியவர் குத்தவில்லை. சட்டைப் பொக்கற்றில் இருந்து எடுத்து, பழுதான மாத்திரையைக் காட்டுவது மாதிரி எங்களுக்குக் காட்டினார்.

“48 வருசம் நிண்டிட்டன் தம்பி. இப்ப உதவியாளராம். ஆருக்கு உதவி?”

தம்பி என்றது எங்கட அப்பாவை. கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் கந்தோரில், 36 வருடம் இருந்த மனிசன். ஓய்வு பெற்ற பிறகு அவரைச் சேர் என்று கூப்பிட ஆளில்லை, தம்பி என்று கூப்பிட இவர் ஒருவர்தான். பட்டம், பதவி என்று யாராவது வாய் திறந்தால் அப்பாவுக்குப் பழைய கந்தோர் வாசம் அடித்துவிடும்.

“கிளாக்கரை முகாமைத்துவ உதவியாளர் ஆக்கினாங்கள். பியோனைக் கே.கே.எஸ். ஆக்கினாங்கள். 92இல ஏ.ஜீ.ஏ. கந்தோர் பிரதேச செயலகம் ஆனது, சனம் குந்துற வாங்கு மட்டும் அதே வாங்கு. சம்பளத்தைக் கூட்ட ஏலாட்டிப் பேரைக் கூட்டுவாங்கள்.”

(கே.கே.எஸ். என்றதும் காங்கேசன்துறைக்கு பஸ் பார்க்கிற யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு: இது சிங்களத்தில் ‘கார்யால கார்ய சஹாயக’. கோப்பு தூக்குகிறவர். ஏ.ஜீ.ஏ. என்றது உதவி அரசாங்க அதிபரை.)

பிறகென்ன, மேசையில் நியமனக் குழு கூடிவிட்டது. மச்சாள் ‘சாம்பார் விநியோகப் பொறியியலாளர்’ என்றா. பொறியியலாளர் சங்கம் வழக்குப் போடும் என்று அப்பா தள்ளுபடி செய்தார். சின்னவன் ‘வடை கப்டன்’ என்றான். துறைமுக ஊரில் கப்டன் பட்டத்துக்கு நேவியிடம் அனுமதி எடுக்க வேண்டி வருமாம். நான் ‘ஞாபகமறதித் திணைக்களத்தின் மேலதிகப் பணிப்பாளர்’ என்றேன். அம்மா மட்டும் “பாவம், அந்தாளை ஒருக்கா இருக்க விடுங்கோவன்” என்றா. அது பதவிப்பெயர் இல்லாததால் குழு கணக்கில் எடுக்கவில்லை.

இந்த ஆரவாரத்தில் சின்னவன் நழுவியதை நாங்கள் ஒருத்தரும் காணவில்லை. கோட்டையை விட்டு இறங்கின மான் ஒன்று வாசலில், யாரோ நிறுத்தின சைக்கிளின் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

எழும்புகிற நேரம் பெரியவர் வந்தார். நடுவில் வைத்த தட்டை ஒரு பார்வை. காதில் இருந்த பேனையை எடுத்து, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

“வடை ஆறு” என்றேன்.

“எட்டு.”

“ஆறுதான் ஐயா, நான் எண்ணினனான்.”

“உள்ளுக்க ஆறு. வெளியில ரெண்டு. மானுக்கு உழுந்து ஒண்டு, கடலை ஒண்டு. கடலை வடையைப் பாதியில துப்பிப்போட்டுது.”

அவ்வளவு நேரமும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்! கேட்ட தேத்தண்ணியை எங்கட மேசை வரைக்கும் ஞாபகம் வைத்திருக்க முடியாத மூளைதான் இது.

அப்பா மேசையில் அடித்தார். “கணக்காய்வாளர் நாயகம்!”

உடனே இன்னொரு கலண்டர் தாள் வாங்கி, கச்சேரி எழுத்தில் நியமனக் கடிதம் எழுதினார். எனது இலக்கம், உமது இலக்கம், திகதி. ‘வடைக் கணக்காய்வாளர் நாயகம், தரம் I. 3 வருடத் தகுதிகாண் காலத்துக்கு உட்பட்டது.’ அடியில் ‘பிரதி: 1. முதலாளி. 2. கோப்பு.’ கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்று போடுகிற நேர்மை வேறு.

பெரியவர் கண்ணாடியைப் போட்டு, பெருவிரலை வரி வரியாக இறக்கி வாசித்தார். நகம் தேத்தண்ணிக் கறையில் கறுத்திருந்தது. மச்சாள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தா. விரல் ஓரிடத்தில் நின்றது.

“எல்லாம் சரி தம்பி. சம்பளம் எண்ட இடத்தில வெறும் கோடல்லோ இருக்கு?”

அப்பா தாளைத் திருப்பி வாங்கினார். சேமலாப நிதியை 55 வயதில் எடுத்து, இருந்த வீட்டுக்கு ஓடு போட்ட மனிசன் இது என்று அப்பாவுக்குத் தெரியும். அதுக்குச் சம்பளத்தில் இவர் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் கட்டின வருடங்கள் எத்தனை, கட்டாத வருடங்கள் எத்தனை என்றும் தெரியும். பேனையைக் கோட்டுக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று எழுதிக் கொடுத்தார்.

“கச்சேரிக் கடிதம்தான்” என்று பெரியவர் சிரித்தார். நாலாக மடித்து, அந்த அட்டையோடு பொக்கற்றுக்குள் வைத்தார். மான் வடைக்கு ஒரு சதமும் குறைக்கவில்லை.

நாலாம் மேசையில், மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு பொடியன் போனில் இருந்து தலை நிமிராமல் “தம்பி, ரெண்டு தோசை” என்றான்.

“வாறன் சேர்” என்று போனார்.