ஸ்லெட்டை எடுத்து வைக்கற நாள்

கனடால நாங்க இருக்கற சட்பரில ஸ்னோமொபீல் ஓட்டற பனிப்பாதை, அதாவது டிரெயில் எல்லாம் மூடியாச்சு. ரோட்டோரமா குவிச்சு வச்ச பனி கறுத்துப் போய் தண்ணியா ஓடுது, ஏரி ஐஸ் மேல இனி யாரும் கால் வைக்க மாட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் கராஜ்லதான் இருந்தேன், பனி மேல ஓடற வண்டியான ஸ்னோமொபீலை கோடைக்கு எடுத்து வைக்கற வேலை. இங்க ஸ்லெட்னுதான் சொல்வாங்க. என்னோடது பழைய 550 ஃபேன் கூல்டு, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்புரேட்டர்.

வாங்கின முதல் வருஷம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. நீல தார்ப்பாயைப் போட்டு மூடி கயித்தால இறுக்கிக் கட்டி, வீட்டுக்குப் பின்னாடி புல்லு மேலயே விட்டுட்டேன். ஓடாம நிக்கற வண்டிக்கு என்ன ஆகிடப்போகுதுன்னு நினைச்சேன். டிசம்பர்ல கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை விட்டுப்போச்சு, ஒருவழியா ஸ்டார்ட் ஆனா ரெண்டு நிமிஷத்துல கருகற வாடை. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார், இந்த ஊர்ல நிறைய பேர் மாதிரி அவங்க தாத்தா காலத்துல ஃபின்லாந்துல இருந்து வந்த குடும்பம், நாப்பது வருஷமா ஸ்லெட் ஓட்டறவர், அவர்தான் ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணுன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தார். ஃபேன் மூடியைக் கழட்டினா உள்ள முழுசா எலி கூடு கட்டி வச்சிருக்கு, சீட்டு ஸ்பாஞ்ச், காஞ்ச புல்லு, எல்லாம் திணிச்சு. இந்த இன்ஜினுக்கு கூலன்ட் கிடையாது, அந்த ஃபேன் காத்துதான் சூட்டை எடுக்கணும், அது அடைச்சுதுன்னா பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சுக்கும். கார்புரேட்டரைப் பிரிச்சா அங்க வேற, பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காஞ்சு ஐடில்ல பெட்ரோல் விடற பைலட் ஜெட்டோட ஊசித்துளையை அடைச்சிருந்துச்சு. அது அடைச்சா பெட்ரோல் கம்மியாப் போய் காத்து அதிகமாகும், அதுவும் பிஸ்டனைத்தான் தின்னும்.

பனில ஓட்டி எந்த ஸ்லெட்டும் கெடறதில்ல, கோடைலதான் கெடுதுன்னு அவர் அன்னிக்கு சொன்னார். ஏன்னு புரிஞ்சுக்க எனக்கு எங்க அப்பாவோட டிவிஎஸ் 50 உதவுச்சு. பங்க்ல பெட்ரோலோட 2டி ஆயில் கலந்து ஊத்துவாங்க இல்ல, அதே கதைதான் இங்கயும், என் ஸ்லெட்டுல ஆயிலுக்குத் தனி டேங்க் இருக்கு, பம்ப்பே கலந்து விட்டுடும். ஃபோர் ஸ்ட்ரோக்ல கீழ ஆயில் தேங்கி நிக்கும், டூ ஸ்ட்ரோக்ல அப்படி எதுவும் கிடையாது, ஓடும்போது பெட்ரோலோட வர ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கு ஒரே பாதுகாப்பு. வண்டி நின்னுட்டா அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சிடும், ஏப்ரல் மாசம் ராத்திரி மைனஸ், மதியம் பத்து டிகிரின்னு மாறிக்கிட்டே இருக்கும்போது உள்ள ஈரம் படியும், வெறும் இரும்பு, துரு பிடிக்காம என்ன பண்ணும்.

அதனால ஃபாகிங்கை, அதாவது இன்ஜின் உள்ள ஆயில் ஸ்ப்ரே பண்ணி பூசற வேலையை மட்டும் நான் அவசரப்பட்டு செய்யறதே இல்ல. முதல்ல டேங்க்கை கிட்டத்தட்ட ஃபுல் பண்ணி, பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தறேன், என் பாட்டில்ல போட்டிருக்கற அளவு 10 லிட்டருக்கு 30 மில்லி கிட்ட வரும். இங்க சாதா பெட்ரோல்ல 10 சதவீதம் கிட்ட எத்தனால் இருக்கு, அது ஈரத்தை இழுக்கும், டேங்க்ல காலி இடம் இருந்தா இன்னும் மோசம். ஊத்திட்டு பத்து நிமிஷம் ஓட விடணும், அப்பதான் மருந்து கார்புரேட்டர் வரைக்கும் போகும், பல பேர் டேங்க்ல ஊத்தினதோட விட்டுடறாங்க. அப்புறம் கார்புரேட்டருக்கு காத்து போகற ஏர்பாக்ஸைக் கழட்டி, வண்டி ஐடில்ல ஓடும்போதே ரெண்டு கார்புரேட்டர்லயும் மாத்தி மாத்தி ஃபாகிங் ஆயில் ஸ்ப்ரே. கராஜ் கதவை முழுசா திறந்து வச்சுக்கங்க, வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும், அப்படி புகைஞ்சாதான் உள்ள எல்லா இடமும் ஆயில் போயிருக்குன்னு அர்த்தம். ஆஃப் பண்ணி பிளக் ரெண்டையும் எடுத்து, அந்த ஓட்டை வழியாவும் கொஞ்சம் ஸ்ப்ரே பண்ணி, கில் ஸ்விட்சை அமுக்கி வச்சுட்டு கயித்தை மெதுவா நாலஞ்சு தடவை இழுக்கணும். பிளக் இல்லாததால கயிறு லேசா வரும், இந்த வருஷம் பையன்தான் இழுத்தான். கடைசியா ரெண்டு கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கற பெட்ரோலையும் வடிச்சுடறேன். புது இன்ஜெக்‌ஷன் மாடல் சிலதுல இதுக்கு தனி மோடே இருக்கு, பட்டன் அமுக்கினா அதுவே ஆயிலை விட்டு அதுவே ஆஃப் ஆகிடும், மேனுவல்ல பாருங்க.

மத்ததெல்லாம் கழுவி சுத்தம் பண்ணின பிறகு சீக்கிரம் முடியற வேலைதான். டிரெய்லர்ல கொண்டு போகும்போது ரோட்டு உப்பு அடியில எல்லாம் ஏறியிருக்கும், சோப்பு போட்டு கழுவி நல்லா காய விடணும். செயின் இருக்கற பெட்டி, அதாவது செயின்கேஸ், அதோட ஆயிலை மாத்தும்போது உள்ள இருக்கற மேக்னட்ல எவ்வளவு இரும்புத் தூள் ஒட்டியிருக்குன்னு பார்ப்பேன், இந்த தடவை பரவால்ல. சஸ்பென்ஷன்ல கிரீஸ் கன் வச்சு பழைய கிரீஸும் தண்ணியும் வெளிய பிதுங்கற வரைக்கும் அடிச்சேன். பெல்ட்டைக் கழட்டி தட்டையா வச்சாச்சு, அது கிளட்ச்லயே இருந்தா ஒட்டியிருக்கற இடத்துல ஈரம் தங்கும். பேட்டரி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. பின்பக்கத்தை ஸ்டாண்டுல தூக்கி நிறுத்தி, காத்து போகற துணிக் கவரைப் போட்டேன். தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தை உள்ளயே பூட்டி வச்சுடும்.

எலிக்குத்தான் நான் இன்னும் பயப்படறேன். ஃபேன் காத்து இழுக்கற வாய், ஏர்பாக்ஸ் வாய், சைலன்சர் மூணுலயும் பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை உருட்டி அடைச்சேன், சீட்டுக்குக் கீழ அந்துருண்டை. நார் இருக்கறதை மறந்து டிசம்பர்ல ஸ்டார்ட் பண்ணினா செஞ்ச வேலை எல்லாம் வீண், அதனால ஹேண்டில்ல ஒரு அட்டை கட்டினேன், "மூணு இடத்துல நார் இருக்கு, எடுத்துட்டு இழு"ன்னு. பையன் அதுக்குக் கீழயே இங்கிலீஷ்ல ஒரு தடவை எழுதி, 1, 2, 3ன்னு கட்டம் போட்டு வச்சிருக்கான், எடுக்க எடுக்க டிக் பண்ணணுமாம்.