அப்பாவின் எண்ணெய்க் கேனும் ஐந்து போல்ட்டுகளும்

ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் மேலே என் காரின் பின்சக்கரம் பஞ்சர். மொத்தம் 40 வளைவு, இன்னும் 31 பாக்கி. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, என்ன கவலை என்று இறங்கினேன். முதல் போல்ட்டே அசையவில்லை. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். என் எடை 62 கிலோ, ஸ்பேனர் நீளம் 30 சென்டிமீட்டர். எடையின் விசையையும் நீளத்தையும் பெருக்கிப் பார்த்தால் திருகுவிசை 180 நியூட்டன் மீட்டருக்கு மேல். என் பழைய ஃபோக்ஸ்வேகன் போலோவில் போல்ட்டை முடுக்கச் சொல்லப்பட்ட அளவு 120. அப்படியும் அசையவில்லை.

கடைசியில் லாரியில் வந்த இரண்டு அண்ணன்கள் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகித் திருப்பினார்கள். "யாருங்க இதை முடுக்கினது? முன்விரோதம் ஏதாவதுங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

விரோதமெல்லாம் இல்லை. போன வாரம்தான் டயர் மாற்றிப் போட்டிருந்தேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைப் பையன் ஏர் கன்னை வைத்து டர்ர்ரென்று அடித்துவிட்டான். டீ நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நான்கு சக்கரத்தையும் நானே கழற்றி மாட்டுவது என்று உட்கார்ந்தேன். எண்ணெய்க் கேனோடு அப்பா வந்துவிட்டார். கோவை கணபதியில் முப்பத்தைந்து வருடம் லேத் பட்டறை நடத்தியவர். எண்ணெய் படாத மரையைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"மரைக்கு ஒரு சொட்டு உடு அம்மிணி, அடுத்த தடவை தன்னால கழலும்."

"வேண்டாங்கப்பா. இது காய்ஞ்சுதான் இருக்கணும்."

நம்பவில்லை. நான் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன், டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர், தினசரிப் பிழைப்பு. அவருக்குச் சொன்ன கணக்கு இதுதான். போல்ட்டை முடுக்க நாம் போடும் பலம் 100 என்றால், ஏறக்குறைய 50 தலைக்கு அடியில் உராய்வாகப் போகும், 40 மரையில் உராய்வாகப் போகும். மிச்சம் பத்துதான் போல்ட்டை இழுத்து சக்கரத்தை ஹப்போடு, அதாவது அது உட்காரும் அச்சு முனையோடு, அழுத்துகிறது. 120 என்ற அளவே காய்ந்த மரையை நினைத்துப் போட்டது. எண்ணெய் விட்டால் உராய்வு குறையும். ரெஞ்ச் அதே 120-இல்தான் 'டிக்' என்று சொல்லும், ஆனால் உள்ளே போல்ட் வெகு அதிகமாக இழுபட்டிருக்கும். இழுபட்ட போல்ட் ஒருநாள் அறுந்துபோகலாம். தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும் பகுதிக்கும் இதே கதைதான்.

"அப்ப துரு புடிச்சா?"

நியாயமான கேள்வி. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். அதற்கப்புறமும் கையால் ஏறாத போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சக்கரமும் ஹப்பும் ஒட்டும் முகத்தையும் தேய்க்க வேண்டும், அங்கே துருப்பொறுக்கு மாட்டிக்கொண்டால் ஓட ஓட அது நசுங்கி போல்ட் தளரும். கிரீஸ் போட ஒரே ஒரு இடம் உண்டு. ஹப்பின் நடுவில் வட்டமாகத் துருத்தியிருக்கும் விளிம்பு. சக்கரம் அங்கேதான் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அங்கே விரலால் மெல்லிசாக ஒரு பூச்சு. அப்பாவுக்கு அதில் பாதி சமாதானம்.

மாட்டும்போதுதான் உண்மையான அவஸ்தை. மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் ஹப்பிலேயே ஸ்டட் என்கிற மரை போட்ட கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நட்டைப் போடலாம். என் வண்டியில் வெறும் ஓட்டைதான். சக்கரத்தைக் காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டையோடு ஓட்டையைச் சேர்த்து, போல்ட்டைக் கையால் ஏற்ற வேண்டும். ஐந்தையும் விரலால் நாலைந்து சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரை வைத்தால் மரை குறுக்கே ஏறிவிடும், அப்புறம் ஹப்புக்கே செலவு.

நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கினேன். ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் உட்கார்ந்த பிறகு அதே வரிசையில் 120. ஒரு 'டிக்' போதும். உறுதிக்கு இன்னொரு தடவை இழுக்கிற பழக்கம் எங்கள் கம்பெனியிலேயே பலருக்கு உண்டு, திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தபோது ஒரே ஒரு போல்ட் மட்டும் இம்மியளவு திரும்பியது.

நான் சக்கரத்தோடு மல்லுக்கட்டியதை அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எதையோ பழைய துணியில் சுற்றி நீட்டினார். பழைய 14 மில்லி போல்ட் ஒன்றின் தலையை வெட்டி, முனையைக் கூம்பாகக் கடைந்து, பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு காடி போட்டிருந்தார். இதை ஹப்பின் மேல் ஓட்டையில் கையால் ஏற்றிவிட்டால் சக்கரம் அதில் தொங்கும். மற்ற நான்கையும் போட்டுவிட்டு இதைக் கழற்றி, அந்த இடத்தில் ஐந்தாவது போல்ட்.

துணியைப் பிரித்ததும் கையெல்லாம் எண்ணெய்.

"இதை முடுக்கப்போறதில்லையே அம்மிணி," என்றார்.