கோபிக்காரர் பெயர் பொறித்த கல்

போன மாதம் மகளுக்குக் கல்லூரி பார்க்க, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து பிளாக்ஸ்பர்க் போயிருந்தோம். வீட்டிலிருந்து நாலு மணி நேர ஓட்டம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிக் காட்டிய பையன் விடுதி, சாப்பாடு, கால்பந்து என்று உற்சாகமாக அளந்துகொண்டே வந்தான். பர்ரஸ் ஹால் முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அரைவட்டமாக 32 கற்கள், கல்லுக்கு ஒரு பெயர்.

நான் தேடியது ஜி. வி. லோகநாதனை. கல்லின் மேல் யாரோ ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"யாருப்பா இவரு?"

"கோபிச்செட்டிபாளையத்துக்காரரு. நம்ம ஊருப் பக்கம்."

எங்கள் ஊர் சத்தியமங்கலம். 2007 ஏப்ரல் 16-இல் நான் ஈரோட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அன்றுதான் இந்த வளாகத்து நாரிஸ் ஹால் கட்டடத்தில், 206-ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த லோகநாதனையும் அவருடைய மாணவர்கள் ஒன்பது பேரையும் ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். அன்று மொத்தம் 32 பேர். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். அடுத்த வருஷம் எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த வாத்தியார் செத்த ஊருக்கா கண்ணு போற?"

அவன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்பதை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி, மனநோயால் இவன் தனக்கே ஆபத்தானவன் என்று சொல்லி, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டார். 1968-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அத்தோடு அவன் துப்பாக்கி வாங்கக் கூடாது. ஆனால் வர்ஜீனியா, மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரைத்தான், துப்பாக்கி வாங்க வருபவர்களைச் சரிபார்க்கும் தேசியப் பதிவுக்கு அனுப்பும் வழக்கம் வைத்திருந்தது. இவன் வெளிநோயாளி. பெயர் போகவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்கியபோது வேடிக்கை பார்க்கக் கூடப் போயிருந்தேன். 4473 என்று ஒரு படிவம். மனநலக் காரணமாக நீதிமன்றத் தீர்ப்பு உண்டா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அவர் பேனாவை நிறுத்தாமலே 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டினார். என் காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. மாநிலம் அனுப்பாததை அந்தக் கம்ப்யூட்டர் எங்கே போய்த் தேடும்?

2007 பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று அவன் இரண்டு துப்பாக்கி வாங்கினான். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் என்ற மாநிலச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான், பாருங்கள். அந்தச் சட்டத்தையும் 2012-இல் எடுத்துவிட்டு, 2020-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பெயர் அனுப்பாத ஓட்டையை அடைக்க ஆளுநர் டிம் கெய்னுக்கு இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது, ஒரு கையெழுத்து. சிகிச்சைப் பக்கத்து ஓட்டை அப்படி இல்லை. நீதிபதி உத்தரவிட்ட அன்றே அவன் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போனான். அதற்குப் பிறகு வந்தானா, வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. காணாமல் போன அவனுடைய கோப்பு 2009-இல் அந்த மையத்தின் முன்னாள் இயக்குநர் வீட்டில் கிடைத்தது.

2013-இல் இதே வர்ஜீனியாவில், மாநில செனட்டர் கிரீ டீட்ஸின் மகனுக்கு மனநல வார்டில் படுக்கை தேடினார்கள். ஒருவரைக் கட்டாயமாகப் பிடித்து வைக்கச் சட்டம் கொடுத்த ஆறு மணி நேரத்துக்குள் கிடைக்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவன் அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு, தன்னைச் சுட்டுக்கொண்டான். அப்பா பிழைத்தார். அதன் பிறகு ஆறு மணி நேரத்தை எட்டாக்கினார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயம் உண்டு, மனநோயாளி என்றாலே கொலைகாரன் என்று யாராவது முடிவுகட்டிவிடுவார்களோ என்று. என் சித்தப்பாவுக்கும் இந்த நோய்தான். திண்ணையில் உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பார். ஒரு கோழியைக்கூட விரட்டியதில்லை. குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்திருந்தார்கள், அப்புறம்தான் கோவையில் டாக்டர். அதற்கு நடுவே ஒரு ராத்திரி கிணற்று மேட்டில் ஏறி நின்றுவிட்டார். அப்பா பீடி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்து, மாட்டு விலை, மழை என்று என்னென்னவோ பேசினார். சித்தப்பா இறங்கி வர விடியற்காலை ஆகிவிட்டது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்று படித்த அன்று எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால் பீடி பற்றவைக்க நேரம் இருந்திருக்காது.

திரும்பி வரும்போது மகள் பாதி வழி தூங்கினாள். விழித்ததும், "அந்த சார் என்ன பாடம் எடுத்தாரு?" என்று கேட்டாள். தண்ணி பத்தினது என்றேன். சரி என்று போனை எடுத்துக்கொண்டாள்.

விண்ணப்பம் போட்டாயிற்று. ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.