இரண்டு ஏக்கர் புல்லும் ஒரு ஜீரோ டர்னும்

இங்கே டென்னசியில் ஊருக்கு வெளியே வீடு வாங்கினால் கூடவே இரண்டு ஏக்கர் புல்லும் வந்துவிடும், அடுத்த பேச்சு ஜீரோ டர்ன் மோவர்தான், அதாவது நின்ற இடத்திலேயே திரும்பும், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. கடையில் குதிரைத்திறனைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது நிலத்தின் சரிவை. இதில் பொதுவாக ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லீவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்சக்கரம், முன்சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் இருப்பதுபோல் சும்மா சுழல்பவை, அதனால் ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கிவிட்டால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. 15 டிகிரிக்கு மேல் சரிவா, குளக்கரையா? வேறு வண்டி பாருங்கள்.

அப்புறம் டெக், அதாவது வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு. 60 அங்குல அகலம் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மேடுபள்ளத்தில் அகலமான டெக் மேட்டை மொட்டையடித்துவிடும், பின்பக்கக் கேட்டில் நுழையுமா என்பது வேறு. மரங்கள் நிற்கும் இரண்டு ஏக்கருக்கு 52 போதும் என்பேன். டெக் தகட்டின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் குறைந்தால்தான் தடிமன் அதிகம், 13ஐ விட 10 கெட்டி.

கூடுதல் காசு போடுவதென்றால் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷனில் போடுங்கள். எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், மலிவு மாடல்கள் பலவற்றில் அதைத் திறக்கவே வழியிருக்காது. கப் ஹோல்டரையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.