கத்தாரில் மணல்மேட்டு ஜீப்பை விடுங்கள், அல் தகீராவுக்குப் போங்கள்

கத்தாரில் காட்டுயிர் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்த ஜீப் டிரைவர் மேல் உள்ள கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். செலவு, இடங்கள், போகும் வழி என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. முடிகிறதா பார்க்கலாம்.

மாமா மகன் தோஹாவில் நஜ்மா பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அதனால் தங்கும் செலவு இல்லை. இல்லையென்றால் இந்தப் பயணமே நடந்திருக்காது. நகரத்துக்குள் சுற்ற மெட்ரோ போதும், 6 ரியால் கொடுத்தால் நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இடிப்பது காட்டுயிர் பார்க்கப் போகும்போதுதான். நகரத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பர்ஸ் இளைக்கும்.

கத்தாரைக் கண்ணாடிக் கட்டடங்களும் கால்பந்து மைதானங்களுமாகவே நினைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாரசீக வளைகுடாவுக்குள் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் அது. மூன்று பக்கமும் கடல், உள்ளே முழுக்கப் பாலை, ஆறு என்று ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட நிலத்தில் அலையாத்திக் காடும், பூநாரைக் கூட்டமும், ஓரிக்ஸ் மானும், கடல் பசுவும் இருக்கின்றன.

முதலில் போனது கோர் அல் அதைத். அங்குள்ள நம் ஆட்கள் எல்லோரும் 'இன்லேண்ட் சீ' என்றுதான் சொல்கிறார்கள். தோஹாவுக்குத் தெற்கே, சவூதி எல்லையை ஒட்டி, கடல் ஒரு குறுகலான கால்வாய் வழியாகப் பாலைக்குள் புகுந்து பெரிய ஏரியாக விரிந்து கிடக்கிறது. உலகத்தில் இந்த மாதிரி இடங்கள் மிகக் குறைவு. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2008 முதல் இருக்கிறது. தார்ச்சாலை சீலைன் கடற்கரையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் டயரில் காற்றைப் பாதி இறக்கிக்கொண்டு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில்தான் போக முடியும். எனவே டிரைவரை நம்பித்தான் ஆக வேண்டும்.

வண்டிக்கு 600 ரியால் என்று பேசியிருந்தோம். நம் பணத்தில் பதிமூன்றாயிரத்துக்கு மேல். மூன்று பேர் பங்கு போட்டோம். கிளம்பியதும் நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மணல்மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டாம், பறவை பார்க்க வேண்டும்." சரி சரி என்று தலையாட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் மேடு மேடாக ஏற்றிக் குப்புறத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறை வடிவ மணல்மேடுகள் அவை. வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று தள்ளத் தள்ள மெல்ல இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். நின்று பார்த்தால் உச்சி விளிம்பில் மணல் புகைபோல் பறப்பது தெரியும். வண்டிக்குள் குலுங்கிக்கொண்டே போகிறவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

நீர் விளிம்பை எட்டியபோது தூரத்தில் பூநாரைகள். நாற்பது ஐம்பது இருக்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றை அலசி அலசித் தின்றுகொண்டிருந்தன. நான் பைனாகுலரை எடுப்பதற்குள் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து நேராக அவற்றை நோக்கி ஓட்டினார். பறந்தால் போட்டோ நன்றாக வரும் என்று! "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று மச்சான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார். கூட்டம் மொத்தமும் எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

குளிர்காலம் கழிக்க எங்கிருந்தோ பறந்து வரும் பறவைகள் அவை. இரை தின்று உடம்பில் தெம்பு சேர்த்துக்கொள்ளத்தான் இந்தச் சேற்றுக் கரைக்கு வருகின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்த தெம்பு வீணாகிறது. ஒரு நாளைக்கு இருபது வண்டி இப்படிப் போனால் அந்தப் பறவைக்கு அந்த இடம் எதற்கு? படத்துக்காகப் பறவையை விரட்டுவது கொடுமை, வேறு பேச்சே இல்லை. திரும்பி வந்து இறங்கும்போது "மணலில் ஓட்டியதற்குத் தனி" என்று இன்னும் 150 ரியால் கேட்டார். மணலில் ஓட்டத்தானே அந்த 600? அரை மணி நேர வாக்குவாதம். கடைசியில் 50 கொடுத்துக் கழற்றிக்கொண்டோம். கோர் அல் அதைத்துக்குப் போகிறவர்கள் மொத்த விலையையும், சாகச ஓட்டம் வேண்டாம் என்பதையும் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள். இடம் அற்புதமான இடம்.

அந்த எரிச்சலெல்லாம் அல் தகீராவில் போய்விட்டது. தோஹாவிலிருந்து வடக்கே அல் கோர் ஊரைத் தாண்டினால் அலையாத்திக் காடு. கூடவே 'பர்ப்பிள் ஐலண்ட்' என்று ஒரு குட்டித் தீவு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த இடம், பெயர் அதனால்தான். தீவுக்கு நடந்து போகப் பாலம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கயாக் எடுத்தோம். ஆளுக்கு 150 ரியால் என்றதும் வயிற்றில் புளியைக் கரைத்தது உண்மை. இறங்கிய பிறகு ஒரு ரியால்கூட வீண் இல்லை என்று தோன்றியது. நீர் ஏற்றத்தின்போதுதான் துடுப்புப் போட முடியும். வற்றத்தில் போனால் சேற்றில் தட்டி நிற்கும், எனவே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

மரம் எது தெரியுமா? நம் பிச்சாவரத்தில் இருக்கும் அதே வெண்கண்டல். ஆனால் இங்கே ஆற்று நீர் வந்து கலக்கும் வாய்ப்பே இல்லை. முழு உப்பு நீரையே குடித்து வாழ்கிறது. அதனால் ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரத்தோடு சரி. ஓர் இலையைக் கிளையோடு வளைத்துப் பார்த்தேன். வெயில் படும் இடத்தில் பொடிப்பொடியாக வெள்ளை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் சுள்ளென்று உப்பு. வேர் வழியே ஏறிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கீழே சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நின்றன. அவற்றுக்கு நடுவே விரல்நகம் அளவு நண்டுகள் வளைக்கு வெளியே வந்து மண்ணைக் கிள்ளித் தின்றுவிட்டு, எங்கள் நிழல் விழுந்ததும் உள்ளே ஓடின.

ஒரு திருப்பத்தில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மிதந்தோம். பத்து நிமிடத்தில் மடைநாரை ஒன்று வேர்களுக்குள்ளிருந்து வந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் மீன் பிடித்தது. கொஞ்சம் தள்ளி பூநாரைகள். இங்கே யாரும் விரட்டவில்லை. 600 ரியால் கொடுத்தும் பார்க்க முடியாததை இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன்.

பசி வயிற்றைக் கிள்ள, அல் கோர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மலையாளிக் கடையில் நுழைந்தோம். ஷேரி மீன் வறுவல். நம் கடற்கரையில் விளமீன் என்போமே, அதே இனம். முழு மீன், மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, ஓரம் மொறுமொறுவென்று, நடுமுள்ளை ஒட்டிய சதை மட்டும் ஈரமாக. கூடவே கேரளச் சிவப்பரிசிச் சோறு, புளி போட்ட மீன் குழம்பு, எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய். ஆளுக்கு 18 ரியால்! கடைக்கார சேட்டன் "இன்னும் சோறு?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். அப்புறம் 2 ரியாலுக்கு கரக் சாயா. பயணத்தின் ஆகச் சிறந்த வேளை அதுதான்.

மேற்குப் பக்கம் ஜெக்ரீத், ராஸ் அப்ரூக் நோக்கி மச்சானின் நண்பர் காரில் போனோம், பெட்ரோல் மட்டும் எங்கள் செலவு. நாட்டின் வடமேற்கில் உள்ள அல் ரீம் உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2007இல் அங்கீகரித்தது. தரை முழுக்கச் சுண்ணாம்புக் கல். காற்று அரித்து அரித்துக் காளான் வடிவில் நிற்கும் பாறைகள். வேலிக்கு அப்பால் ஓரிக்ஸ் மான்கள். உடம்பு வெள்ளை, கால்களும் முகத்துப் பட்டைகளும் கருஞ்சாக்லேட், இரண்டு நேர்க்கொம்புகள். பக்கவாட்டில் நிற்கும்போது ஒரே கொம்பாகத் தெரிகிறது.

இந்த மானின் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சும்மா பார்த்துவிட்டு வர முடியாது. துப்பாக்கியும் ஜீப்பும் வந்த பிறகு வேட்டையாடி வேட்டையாடி 1972இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது. வளர்ப்பில் மிஞ்சியவற்றைப் பெருக்கி 1982இல் ஓமானில் மறுபடி திறந்த பாலையில் விட்டார்கள். 2011இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை 'காட்டில் அற்றுப்போனது' என்ற நிலையிலிருந்து 'அழியக்கூடியது' என்ற நிலைக்கு மாற்றியது. அப்படி மீண்ட முதல் விலங்கு இதுதான். கத்தாரின் தேசிய விலங்கும் இதுவே, கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் இருப்பதும் இதன் தலைதான்.

மேற்குக் கடலில் கடல் பசு இருக்கிறது. கண்ணில் படவில்லை. ஆனால் 1986இல் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடைப்பட்ட கடலில் வானிலிருந்து கணக்கெடுத்தபோது 600க்கும் மேற்பட்டவை ஒரே கூட்டமாகத் தெரிந்திருக்கின்றன. நம் பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் இதே ஆவுளியாவுக்காகத்தான். அங்கும் இங்கும் அது மேய்வது கடற்புல்லை. புல் போனால் அதுவும் போய்விடும்.

கடைசியாக வடக்கே ஃபுவைரித். அழுங்காமை கரையேறி முட்டையிடும் கடற்கரை. குளிர்காலத்தில் திறந்திருக்கும், கட்டணம் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை, தண்ணீரும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போங்கள். ஏப்ரல் தொடங்கி ஜூலை முடிய முட்டைப் பருவத்துக்காக மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் போய், ஐந்து நிமிடம் விடுங்கள் என்று காவலரிடம் கெஞ்சாதீர்கள்.