மெயினுக்கு முன்னால் ஓடுவது யார்?

லினக்ஸில் ஒரு கமாண்டைத் தட்டி என்டர் அடித்ததும் முதலில் ஓடுவது அந்த புரோகிராம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. டைனமிக் லோடர் என்ற இன்னொரு புரோகிராம் முதலில் ஓடி, எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட்டுத்தான் உங்கள் புரோகிராமுக்கும் அதன் தொடக்க ஃபங்ஷனான மெயினுக்கும் வழிவிடும். சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டார்: "அண்ணா, ஃபைல் இருக்கு, எக்ஸிக்யூட் பர்மிஷனும் இருக்கு. ஆனா ஓட்டினா நாட் ஃபவுண்ட்னு வருது." உபுண்டுவில் பில்ட் செய்த பைனரியை, அதாவது ஓடத் தயாரான புரோகிராம் ஃபைலை, ஆல்பைன் என்ற வேறொரு லினக்ஸ் வகையின் கன்டெய்னருக்குள் காப்பி செய்திருந்தார்கள். எல்எஸ் போட்டால் ஃபைல் கண்முன்னே நிற்கிறது. அப்படியானால் இல்லாதது எது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பைனரியைத் திறந்ததும் அது எல்ஃப் (லினக்ஸ் பைனரிகளின் வழக்கமான ஃபார்மட்) வகைதானா என்று முதல் நான்கு பைட்டைப் பார்க்கிறது. அப்புறம் புரோகிராம் ஹெடர்களில் இன்டர்ப் என்ற பகுதியைத் தேடுகிறது. அதில் லோடரின் முழு பாத் எழுதியிருக்கும். லிங்க் செய்யும்போதே பதிந்துவிட்ட பாத் அது. கெர்னல் அதை வேறெங்கும் தேடிப் போகாது. உபுண்டு பைனரி ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் லோடரைக் கேட்கும். ஆல்பைனில் இருப்பதோ மஸல் என்ற வேறொரு சி லைப்ரரி. அதன் லோடருக்குப் பெயரே வேறு. லோடர் கிடைக்கவில்லை என்றதும் கெர்னல் "ஃபைல் இல்லை" என்ற எர்ரரைத் திருப்பித் தருகிறது. எந்த ஃபைல் என்று சொல்வதில்லை. ஷெல் அதை நாம் தட்டிய பெயரோடு சேர்த்துக் காட்டிவிடுகிறது. ரீட்எல்ஃப் கமாண்டை மைனஸ் எல் போட்டு ஓட்டினால் பைனரி எந்த லோடரைக் கேட்கிறது என்று ஒரே வரியில் தெரியும். அன்று ஆல்பைனிலேயே மறுபடி பில்ட் செய்தோம், சரியாகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. லோடரும் ஒரு ஷேர்டு லைப்ரரிதான், அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் தொகுப்பு. மெமரியில் எந்த அட்ரஸில் உட்காரும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால் அதற்குள் இருக்கும் அட்ரஸ்களையும் திருத்தியாக வேண்டும். அதைத் திருத்த வேறு யாரும் இல்லை. தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தம் முடியும்வரை திருத்த வேண்டிய எந்த அட்ரஸையும் அது நம்பித் தொடக்கூடாது. தன் தோளில் தானே ஏறி நிற்பது மாதிரியான வேலை. ஜிலிப்சியில் அந்தத் தொடக்கக் கோடை எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். கெர்னல் செய்யும் உதவி, ஸ்டாக்கில் ஒரு சின்ன அட்டவணையை வைத்துவிட்டுப் போவது: புரோகிராமின் ஹெடர்கள் எங்கே, அதன் தொடக்க அட்ரஸ் எது, லோடர் எங்கே ஏற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தன்னைச் சரிசெய்துகொண்டதும் லோடர் புரோகிராமுக்குத் தேவையான லைப்ரரிகளைத் தேடுகிறது. பைனரியில் எழுதிய பாத், எல்டி லைப்ரரி பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் (இந்த இரண்டில் எது முதலில் என்பது பைனரியைப் பொறுத்தது), எல்டிகான்ஃபிக் கமாண்ட் தயாரித்து வைத்த கேச், கடைசியாக வழக்கமான லிப் டைரக்டரிகள். கிடைத்ததை எம்மேப் செய்கிறது, அதாவது ஃபைலை மெமரியோடு இணைக்கிறது. ஒரே லைப்ரரியை நூறு புரோகிராம்கள் பயன்படுத்தினாலும் அதன் கோட் ரேமில் ஒரு பிரதிதான்.

அப்புறம் ரீலொகேஷன், அதாவது அட்ரஸ்களைத் திருத்தும் வேலை. பிரின்ட்எஃப் மாதிரி வெளியே இருக்கும் ஃபங்ஷன்களின் நிஜ அட்ரஸை காட் என்ற அட்டவணையில் நிரப்ப வேண்டும். முதல் தடவை கூப்பிடும்போது தேடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பழைய வழக்கம். இப்போது பல டிஸ்ட்ரிபியூஷன்கள் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் நிரப்பி, அட்டவணையை ரீட் ஒன்லி ஆக்கிவிடுகின்றன. கொஞ்சம் நேரம் கூடினாலும் சரியான முடிவு இதுதான். இல்லாவிட்டால் அந்த அட்டவணையில் எழுதியே ஒருவர் புரோகிராமைக் கடத்திவிடலாம். கடைசியாக லைப்ரரிகளின் கன்ஸ்ட்ரக்டர்கள் (தொடக்க வேலைகளைச் செய்யும் ஃபங்ஷன்கள்) ஓடி, கட்டுப்பாடு புரோகிராமின் ஸ்டார்ட் என்ற நுழைவிடத்துக்குப் போய், அங்கிருந்து லிப்சி வழியாக மெயினுக்கு வருகிறது.

இதையெல்லாம் நேரில் பார்க்க எல்டி டீபக் வேரியபிளுக்கு லிப்ஸ் என்று மதிப்புக் கொடுத்து ஏதாவது ஒரு கமாண்டை ஓட்டுங்கள். லோடர் எங்கெங்கே தேடுகிறது என்று வரிவரியாகக் கொட்டும். எல்டிடி கமாண்டும் லைப்ரரிகளைக் காட்டும்தான். ஆனால் முன்பின் தெரியாத பைனரியில் அதைப் போடாதீர்கள். சில சமயம் அது அந்த பைனரியையே ஓட்டிவிடும். அதற்கு ரீட்எல்ஃப் மைனஸ் டி போதும்.